கிராம சபையும் குழாயடியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அனுப்பம்பட்டில் பேசியது)



என்னைக் கடன், வட்டி, சேமிப்பு பற்றிப் பேசச் சொல்லவில்லை. அதற்கு நம் கணக்காளர் இருக்கிறார். கிராம சபையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ரோடு, தண்ணி, கால்வாய், லைட்டு இதெல்லாம் எங்கே முடிவாகிறது, அதில் நம் குழுப் பெண்களுக்கு என்ன வேலை, அதுதான் விஷயம். எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது இதே அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் ரயில் நிற்கிற ஊர். வாக்கப்பட்டது ஏரிக்கரையில் ஒரு ஊர். அந்த ஊர்ப் பேர் இங்கே வேண்டாம், ஏன் என்று பேசி முடிக்கும்போது உங்களுக்கே புரியும். இரண்டு ஊருக்கும் ஒரே குறைதான். உப்புத் தண்ணி.

ஏரிக்கரையில் உப்பு இருப்பது இயற்கை. ஆனால் மீஞ்சூர் பக்கம் உப்பு வந்தது அப்படி இல்லை. எங்க அப்பா சொல்வார், அவர் சின்னப் பையனா இருந்தப்ப இந்தப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியைக் கையால் அள்ளிக் குடிக்கலாம் என்று. 1960களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டு, சென்னைக்கும் அங்கே இருக்கிற கம்பெனிகளுக்கும் தண்ணி எடுக்க ஆரம்பித்தார்கள். விவசாயத்துக்கும் மோட்டார் போட்டு இறைத்தார்கள். பூமிக்குள்ளே நல்ல தண்ணி இறங்க இறங்க, கடல் தண்ணி உள்ளே ஏறி வந்தது. 1980களின் கடைசியில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதாக ஆய்வு செய்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1987ல் நிலத்தடி நீரை எடுக்கக் கட்டுப்பாடு போட்டு ஒரு சட்டமே வந்தது. அதற்குள் பல கிணறு போய்விட்டது. 2010ல் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்குகிற ஆலை திறந்தார்கள், ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். அது சென்னைக்காகப் போட்ட குழாயில் போகிறது. நான் குறையாகச் சொல்லவில்லை, அங்கேயும் நம்மைப் போலப் பொம்பளைங்கதான் குடத்தோட நிக்கிறாங்க. ஆனா பக்கத்தில் இருக்கிறதாலேயே தண்ணி நம்மைத் தேடி வந்திடாது. கேட்கிற இடத்தில், கேட்கிற விதத்தில் கேட்கணும். அந்த இடம் கிராம சபை.

(ரயில் போகட்டும், அப்புறம் பேசறேன்.)

கிராம சபை என்றால் ஊராட்சி ஆபீஸ் நடத்துகிற கூட்டம், போனால் டீயும் பிஸ்கட்டும் தருவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் சேர்ந்ததுதான் கிராம சபை. நீங்களும் அதில் உறுப்பினர், உங்க மாமியாரும் உறுப்பினர். 1994ஆம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. முன்பு வருஷத்துக்கு நாலு தடவை நடக்கும்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022லிருந்து மார்ச் 22 உலக தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து ஆறு ஆனது. 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 3,000 பேர் வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அந்த நூறு பேரைச் சேர்க்கிறதுக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? நம்மைத்தான். “குழுவுல சொல்லி ஆளை அனுப்பும்மா” என்று முந்தின நாள் ராத்திரி போன் வரும். நாம் போவோம், உட்காருவோம், கையெழுத்துப் போடுவோம், சமைக்கணும் என்று எழுந்து வந்துவிடுவோம். பத்து வருஷம் நான் அப்படித்தான் போய் வந்தேன்.

எங்க ஏரிக்கரையில் இன்னொரு சபை இருக்கிறது. அதற்குச் சட்டம் எதுவும் கிடையாது, ஆனால் அதன் பேச்சுக்குத்தான் மதிப்பு. பழவேற்காடு பக்கத்து அக்காக்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், அனுப்பம்பட்டுக்காரங்களுக்காகச் சொல்கிறேன். இறாலுக்குச் சுத்து வலை கட்டுகிறவர்களுக்குப் பாடு முறை என்று ஒன்று இருக்கிறது. ஏரியில் எல்லா இடமும் ஒன்று இல்லை. முகத்துவாரத்துப் பக்கம் நல்ல வருமானம் இருக்கும், வேறு இடத்தில் வெறும் சேறு. பலம் உள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நீ நல்ல இடம், நாளைக்கு அடுத்தவன். ஏழை வீட்டுக்காரனுக்கும் அவன் முறை வரும். எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து கூட வந்து இதைப் படித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் அந்தச் சபையில் பெண் உட்கார முடியாது. பாடு ஆம்பிளைத் தலைக்கட்டுக்குத்தான். மீனைக் கூடையில் வைத்து விற்கிறவள் அவள், வலைக்கு வாங்கின கடனுக்குக் குழுவில் கையெழுத்துப் போட்டவள் அவள், ஆனால் பேச்சு நடக்கிற இடத்தில் அவள் கிடையாது. அதனால் கிராம சபையில் நாற்காலி போட்டு உட்காருகிறதே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. 1996 தேர்தலிலிருந்து பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். 2016ல் அதைப் பாதி ஆக்கினார்கள். அந்தப் பாதியில்தான் 2019 டிசம்பர் தேர்தலில் நானும் வார்டு உறுப்பினராக வந்தேன்.

வந்த புதிதில் தீர்மான நோட்டு வீட்டுக்கே வரும். “கையெழுத்துப் போடுங்கம்மா, அவசரம்.” என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், “வழக்கமானதுதாம்மா.” ஆறு மாசம் நானும் போட்டேன். குழுவில் மினிட் நோட்டில் ஒரு வரி விட்டுப் போனால் வங்கியில் கடன் நிற்கும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அந்த நான் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தண்ணீருக்கு நாங்கள் முதலில் போட்ட தீர்மானம் இப்படி இருந்தது: “ஊருக்கு நல்ல குடிநீர் வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது.” கை தட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் அதே வரி. ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர் ஒருவர், நல்ல மனுஷர், கூட்டம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அம்மா, இந்த வரியை வெச்சிக்கினு நான் எந்த பைலைத் திறக்கிறது? எந்தத் தெரு, எத்தினி வீடு, எங்கேர்ந்து எங்க வரைக்கும் குழாய், எந்த நிதி, இதெல்லாம் எழுதுங்க. அப்பதான் மதிப்பீடு போட இன்ஜினியர் வருவார்.”

பிறகுதான் நிதியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். 2021லிருந்து 2026 மார்ச் வரை 15ஆவது நிதிக்குழு மானியம் நூறு ரூபாய் வந்தால் 60 ரூபாய்க்கு வேலை முன்பே முடிவாகியிருந்தது. 30 தண்ணீருக்கு, 30 சுகாதாரத்துக்கு. அதை எடுத்து வரவேற்பு வளைவு கட்ட முடியாமல் இருந்தது. மீதி 40தான் ஊர் விருப்பமாக இருந்தது. அதிலும் சம்பளம் கொடுக்க முடியாமல் இருந்தது. இது தவிர மாநில நிதிக்குழு மானியம், வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், அப்போது நூறு நாள் வேலையில் வந்த பணிகள். “நிதி இல்லம்மா” என்று யாராவது சொன்னால், “எந்த நிதி இல்லை?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பேச்சு மாறும். நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்ப் பரிசோதனை கிட்டும் அப்போதுதான் வந்தது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி. எங்க ஊரில் ஐந்து பேரும் குழுப் பெண்கள். உப்பு பார்க்கிற சோதனை ரொம்பச் சுலபம். தண்ணியில் ஒரு மருந்தைப் போட்டால் மஞ்சளாக மாறும். அப்புறம் இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடணும். எந்தச் சொட்டில் செங்கல் நிறம் வருகிறதோ, அந்த எண்ணிக்கையை வைத்துக் குளோரைடு கணக்கு. லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்கணும். வேற வழியே இல்லாத ஊருக்கு 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அளவு. எங்க தெரு முனைக் கை பம்பில் சொட்டு விட விட மஞ்சள் மாறவே இல்லை. எட்டாவது படித்த பொண்ணு எண்ணிக்கினே இருக்கிறாள், சுற்றி நிற்கிற கிழவிகள் எல்லாம் கூடவே எண்ணுகிறார்கள். ஆயிரத்தைத் தாண்டித்தான் நிறம் வந்தது. “நாக்குக்குத் தெரிஞ்சதை இந்தச் சீசா இப்பதான் கண்டுபுடிச்சுதா” என்று ஒரு ஆயா கேட்டார். சிரிப்பாக இருந்தாலும், அந்த எண்ணைத் தீர்மானத்தில் எழுதின பிறகுதான் மேலே இருக்கிறவர்கள் கேட்டார்கள். ஆயாவின் நாக்கைத் தீர்மானத்தில் எழுத முடியாதே.

தெருவைக் கயிறு போட்டு அளந்தோம். வீடு எண்ணினோம், 43. 2021 அக்டோபர் 2 கிராம சபையில் முறையாகத் தீர்மானம் போட்டோம். எங்க தெருவுக்குக் குழாய் நீட்டிப்பு வந்தது. வீட்டு வாசலில் தண்ணி. அன்றைக்கு எங்க தெருவில் பாயசம் வைத்தார்கள்.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது நல்ல வெற்றிக் கதை. கூட்டமைப்பில் என்னை இந்தக் கதையைச் சொல்லத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் பாதிக் கதை சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.

வருஷா வருஷம் கிராம வறுமைக் குறைப்புத் திட்டம் என்று நம் குழுக்கள் ஒரு படிவம் நிரப்புகிறோம் இல்லையா? ஒவ்வொரு குழுவும் தன் தேவையை எழுதி, அதை எல்லாம் கூட்டமைப்பு சேர்த்து, கிராம சபையில் கொடுத்து, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கணும். அதில் ஒரு பகுதி, எந்தக் குழுவிலும் சேராமல் விடுபட்டவர்கள் யார் என்று எழுதுவதற்கு. அந்த இடத்தில் எங்க ஊருக்கு, “யாரும் இல்லை” என்று எழுதியது யார்? நான். என் கையெழுத்து.

ஊருக்கு வெளியே, கரை ஓரம், பதினோரு இருளர் குடும்பங்கள் இருந்தன. அந்தப் பெண்களை ஏரியில் தினமும் பார்க்கிறோம். வலை கிடையாது, படகு கிடையாது. பனை ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணியில் குந்தி, கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்கள். பாட்டில் அவர்களுக்கு முறை கிடையாது. எங்கள் தெருக் குழாயில் நாங்கள் பிடித்து முடித்த பிறகு வந்து பிடிப்பார்கள். பேர் தெரியும், பிள்ளைகளைத் தெரியும். ஆனால் குழுவில் இல்லை, அதனால் படிவத்தில் இல்லை. வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஞாபகத்துக்கே வரவில்லை. அது அதைவிட மோசம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்க தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் வந்ததும் முனையில் இருந்த பொதுக் குழாயில் அழுத்தம் குறைந்துபோனது. நூல் மாதிரி வரும். அவர்கள் ஒரு குடம் நிரப்ப அரை மணி நேரம். அடுத்த கிராம சபையில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து பந்தல் ஓரமாக நின்றார். உட்காரவில்லை. கடைசியில், “எங்களுக்கு எப்போ?” என்று மட்டும் கேட்டார். “உங்க பேரு லிஸ்ட்லயே இல்லியேம்மா” என்று பதில் வந்தது. சொன்னவர் மேல் தப்பில்லை. அவர் லிஸ்டைப் பார்த்துச் சொன்னார். லிஸ்ட் எழுதினவள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பாடு முறையில் பெண்களுக்கு இடமில்லை என்று நான் எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன்! உள்ளே இருக்கிறவனுக்கு அதைப் போல நியாயம் கிடையாது, வெளியே இருக்கிறவனுக்கு அதில் ஒன்றுமே கிடையாது. எங்க குழு நோட்டும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது.

2022 நவம்பர் 1, முதல் முறை உள்ளாட்சிகள் தினத்துக்கு வைத்த கிராம சபை. அதற்கு முன்னால் குழுவில் பேசினோம். அந்த வருஷம் தண்ணீருக்கான பங்கு மோட்டார் மாற்றுவதிலேயே போய்விட்டது. கரைப் பக்கம் குழாய் போக வேண்டுமென்றால் அந்த 40லிருந்துதான் எடுக்கணும். அந்த 40ல் எங்க தெரு பேவர் பிளாக் ரோடு உட்கார்ந்திருந்தது. மழைக்காலத்தில் எங்க தெரு எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்வார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும். குழுவில் சண்டை வந்தது. “நாம அளந்து, நாம அலைஞ்சு வாங்கினதை எதுக்கு விடணும்?” என்று என் கூட்டாளி கேட்டாள். நியாயமான கேள்விதான். “அவங்க வந்து கேக்கட்டும், நாம குடுக்கிறதுக்கு யாரு?” என்றாள் இன்னொருத்தி. மூன்று கூட்டம் பேசினோம். கை தூக்கியதில் ஏழு பேர் விட்டுக் கொடுக்கலாம், ஐந்து பேர் வேண்டாம். கூட்டாளி நாலு மாசம் என்னோடு பேசவில்லை. குழுக் கூட்டத்துக்கு வருவாள், சேமிப்புப் பணத்தை வைப்பாள், போய்விடுவாள்.

கிராம சபையில் தீர்மானத்தை எங்க குழுவே கொண்டு வந்தது. பேவர் பிளாக் அடுத்த வருஷத்துக்கு, கரைப் பக்கம் குழாய் இந்த வருஷத்துக்கு. தீர்மானத்தில் பதினோரு குடும்பத் தலைவிகளின் பெயரையும் எழுதச் சொன்னோம். வேலை உடனே நடக்கவில்லை. மதிப்பீடு, ஒப்பந்தம், மழை, திரும்பவும் மதிப்பீடு. தண்ணி வந்தது 2024 தொடக்கத்தில். தீர்மானத்தின் நகல் என்ன ஆயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நாங்களே இரண்டு முறை கேட்டோம். முப்பது நாளுக்குள் பதில் தரணும். வந்தது. கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், வெள்ளைத்தாள் போதும்.

அந்தப் பக்கம் ஏழாவது படித்துக்கொண்டிருந்த ஒரு பொண்ணு. அம்மா விடியற்காலையில் ஏரிக்குப் போய்விட, நூல் மாதிரி வந்த தண்ணிக்கு அவள்தான் காலையில் வரிசையில் நின்றாள். நின்று நின்று பள்ளிக்கூடம் போவதை விட்டாள். தண்ணி வந்த பிறகு நானும் டீச்சரும் போய்ப் பேசினோம். இரண்டு நாள் வந்தாள். வயசு கூடிப் போச்சு, கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள். இப்போது அம்மாவோடு இறால் தடவப் போகிறாள். என்னைப் பார்த்தால் சிரிப்பாள், “நல்லா இருக்கியா அத்தை” என்பாள்.

பதினோரு வீட்டுப் பெண்களும் இப்போது ஒரு குழு. சேமிப்பு மாசம் நூறு ரூபாய். அவர்களில் ஒருவர் பள்ளியில் காலை உணவு சமைக்கிறார். அவர்தான் போன மாசம் பள்ளிக்கூடத்துத் தொட்டி காலை ஐந்தரைக்குக் காலியாக இருக்கிறது, ரவை கிண்டத் தண்ணி சுமக்க வேண்டியிருக்கிறது என்று கூட்டமைப்பில் சொன்னார். தொட்டிக்கு ராத்திரியே ஏற்ற வேண்டும் என்று ஒரே ஒரு வரி. செலவே இல்லாத தீர்மானம். யாராவது உள்ளே இருந்து சொன்னால்தான் இப்படி ஒன்று தெரியவரும்.

பேவர் பிளாக் இன்னும் வரவில்லை. கூட்டாளி இப்போது பேசுகிறாள், ஆனால் மழை வந்தால் ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. தனி அலுவலர் பார்க்கிறார். 2016லிருந்து 2019 வரையிலும் இப்படித்தான் இருந்தது, நமக்குப் புதிதில்லை. அந்த மூன்று வருஷத்தில் நாம் என்ன செய்தோம்? “தேர்தல் வரட்டும்” என்று கிராம சபைக்கே போகாமல் இருந்தோம். இந்த முறை அப்படி இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வார்டு உறுப்பினர் போனாலும் கிராம சபை போகவில்லை. அதில் நமக்குப் பதவிக்காலம் கிடையாது. தனி அலுவலருக்குப் பல ஊராட்சிகள். எங்க தெரு முனையில் லைட்டு எரியவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? எழுதினால்தான் தெரியும்.

அடுத்தது ஆகஸ்ட் 15. அதற்கு முந்தின குழுக் கூட்டத்தில் மூன்று வேலை வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷத் தீர்மானங்களில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று நோட்டில் எழுதுங்கள். கேட்கப் போகிற வேலைக்குத் தெருப் பெயர், வீட்டு எண்ணிக்கை, நீளம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, விடுபட்டவர்கள் படிவத்தை எழுத உட்காரும்போது வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதாதீர்கள். ஊர்க் கடைசி வரை ஒரு நடை நடந்து போய்விட்டு வந்து எழுதுங்கள். எங்க ஊரில் நடந்தால் இருபது நிமிஷம்தான் ஆகும். அதை நான் மூன்று வருஷம் நடக்கவில்லை.

பழவேற்காடு பஸ் மூன்று மணிக்கு என்கிறார்கள். சாப்பாடு தயாராக இருக்கிறதாம். ஏரிக்கரை அக்காக்கள் முதல் பந்தியில் உட்காருங்கள்.